எத்தனை பேர் சொன்னார்கள், என்ன சொன்னார்கள்

1951ஆம் ஆண்டு நடந்த இரண்டு விஷயங்களிலிருந்து தொடங்கலாம். இரண்டுக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது.

முதலாவது, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஆலிவர் லௌரி என்ற உயிர்வேதியியலாளரும் அவருடைய சகாக்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு கரைசலில் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதற்கான வழிமுறை அது. உலகத்தைப் புரட்டிப்போடும் கொள்கை எதுவும் அதில் இல்லை. இன்ன ரசாயனத்தை இவ்வளவு ஊற்று, நீலம் எவ்வளவு அடர்த்தியாக வருகிறது என்று பார். சமையல் குறிப்பு மாதிரிதான். இரண்டாவது, அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம், அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்து விழுப்புரத்தில் ஒரு ஆண் குழந்தை பிறந்தது.

2014இல் நேச்சர் இதழ் ஒரு கணக்கெடுத்தது. அறிவியல் கட்டுரைகளிலேயே மற்ற கட்டுரைகளால் அதிக தடவை மேற்கோள் காட்டப்பட்டது எது? லௌரியின் சமையல் குறிப்புதான். 3,05,000 தடவைக்கு மேல். ஐன்ஸ்டைனும் இல்லை, டிஎன்ஏவின் வடிவத்தைச் சொன்ன வாட்சனும் கிரிக்கும் இல்லை. அந்தக் கட்டுரை பெரிய சாதனை ஒன்றுமில்லை என்பது லௌரிக்கே தெரியும்.

விழுப்புரத்தில் பிறந்த குழந்தை, வி. எஸ். ராமச்சந்திரன். மூளையைப் பற்றிப் படிக்க ஆசைப்படும் யாரும் ஒரு கட்டத்தில் வந்து சேரும் பெயர். மாயக் கை, கண்ணாடிப் பெட்டி, கண்ணாடி நியூரான் என்று எதைத் தொட்டாலும் அவர் இருப்பார். 2003இல் பிபிசியின் ரீத் உரைகளை நிகழ்த்தியவர். 2007இல் பத்மபூஷண் வாங்கியவர்.

நான் இருப்பது இரும்பையில். விழுப்புரத்திலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர். பக்கத்தில் ஆரோவில், கிழக்கே கடல், கடற்கரையோடு வடக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள். அதனால் எங்கள் பக்கத்து இளைஞர்களுக்கு ராமச்சந்திரன் மேல் 'நம்ம மாவட்டத்துக்காரர்' என்ற ஒட்டுதல் உண்டு. ஆனால் ஆராய்ச்சி செய்யும் நண்பர்களிடம் அவர் பேச்சை எடுத்தால், முதலில் வருகிற கேள்வி அவர் என்ன கண்டுபிடித்தார் என்பதல்ல. "அவரோட சைட்டேஷன் எவ்ளோ? எச்-இன்டெக்ஸ் எவ்ளோ?"

அந்த எண்ணை யாரும் இரண்டு நிமிடத்தில் கைப்பேசியில் பார்த்துவிடலாம். இந்தக் கட்டுரை அந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பற்றியது. இந்த எண் எங்கிருந்து வந்தது, வரும் வழியில் எதைத் தொலைத்தது என்ற வரலாறு தெரியாமல் அதை வைத்து ஒருவரை எடைபோடுவது, உப்பு மூட்டைகளை எண்ணிவிட்டு உள்ளே மண் எவ்வளவு என்று பார்க்காமல் வருவது மாதிரி.

வக்கீல்கள் கண்டுபிடித்த கருவி

'சைட்டேஷன்' என்ற சொல்லை நம் ஊரில் அதிகம் புழங்குகிறவர்கள் விஞ்ஞானிகள் அல்ல, வக்கீல்கள். எந்த நீதிமன்ற வளாகத்திலும் கேட்கலாம்: "இந்தப் பாயின்ட்டுக்கு ஒரு நல்ல சைட்டேஷன் கிடைச்சிருக்கு." முன்பு வந்த ஒரு தீர்ப்பைக் காட்டி, அதே நியாயம் என் கட்சிக்காரருக்கும் பொருந்தும் என்று வாதாடுவது. ஆனால் அதில் ஓர் ஆபத்து உண்டு. நீங்கள் காட்டும் தீர்ப்பை மேல் நீதிமன்றம் எப்போதோ தள்ளுபடி செய்திருந்தால்? எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து அதைச் சொன்னால் மானம் போய்விடும்.

இதற்கு வழி கண்டவர் அமெரிக்காவின் இலினாய்ஸ் மாகாணத்தைச் சேர்ந்த ஃபிராங்க் ஷெப்பர்ட். 1873இல் ஒரு தொழில் தொடங்கினார். ஒவ்வொரு தீர்ப்பும் பிற்பாடு எந்தெந்தத் தீர்ப்புகளில் குறிப்பிடப்பட்டது என்று பட்டியலிட்டு, பசை தடவிய சீட்டுகளாக விற்றார். வக்கீல்கள் தங்கள் தீர்ப்புத் தொகுதிகளின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார்கள். நாளடைவில் அது தடித்த புத்தகங்களாக வளர்ந்தது. அதில் முக்கியமான அம்சம், ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில் இருந்த சிறு எழுத்துக் குறி. பின்னால் வந்த நீதிபதி இதைப் பின்பற்றினாரா, இது வேறு சூழலுக்கானது என்று பிரித்துக் காட்டினாரா, அல்லது செல்லாது என்று தள்ளினாரா? ஒரே ஓர் எழுத்தில் அது தெரிந்துவிடும். 50 தீர்ப்புகள் குறிப்பிட்ட ஒரு தீர்ப்பு, ஐம்பத்தோராவதில் தள்ளப்பட்டிருந்தால், அந்த 50க்கு மதிப்பில்லை என்பது வக்கீலுக்கு உடனே புரியும்.

80 ஆண்டுகள் கழித்து இது அறிவியலுக்கு வந்தது. யூஜின் கார்ஃபீல்ட் என்ற இளைஞர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், பெருகிவரும் மருத்துவக் கட்டுரைகளை எப்படி வகைப்படுத்துவது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். 1953இல் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் வில்லியம் அடேர், ஷெப்பர்ட் நிறுவனத்தின் முன்னாள் துணைத் தலைவர். வக்கீல்களிடம் இப்படி ஒரு பட்டியல் இருக்கிறது, விஞ்ஞானிகளுக்கும் உதவுமே என்றார். கார்ஃபீல்ட் அதைப் பிடித்துக்கொண்டார். 1955இல் சயின்ஸ் இதழில் அவர் எழுதிய கட்டுரையில் இந்தப் பட்டியல் எதற்கு என்று காரணம் சொல்கிறார். விஞ்ஞானிகள் பழைய கட்டுரைகளை யோசிக்காமல் மேற்கோள் காட்டுகிறார்கள், அவை பிழையானவை என்று பின்னால் யாராவது நிறுவியிருந்தாலும் தெரிவதில்லை, ஆகவே ஒரு கட்டுரை மீது வந்த விமர்சனங்களைத் தேடிக் கண்டடைய ஒரு வழி வேண்டும். அதாவது மேற்கோள் பட்டியல் பிறந்ததே மறுப்புகளைத் தேடிப்பிடிக்கத்தான், புகழை எண்ணுவதற்கு அல்ல.

1960களில் அது அறிவியல் மேற்கோள் அட்டவணையாக அச்சில் வந்தது. ஆனால் வக்கீல் புத்தகத்தில் இருந்த அந்தச் சிறு எழுத்துக் குறி இதில் இல்லை. துளை அட்டைகளைப் படிக்கும் இயந்திரத்தால் யார் யாரைக் குறிப்பிட்டார் என்று பதிவு செய்ய முடிந்தது. எதற்காகக் குறிப்பிட்டார் என்பதைப் பதிவு செய்ய முடியவில்லை. ஆதரித்தவர், மறுத்தவர், சும்மா மரியாதைக்குப் பெயர் போட்டவர், எல்லோருக்கும் ஒரே வரி, ஒரே மதிப்பு.

தமிழ் இலக்கணம் வாசித்தவர்களுக்கு இந்த இழப்பு சட்டென்று புரியும். தொல்காப்பியத்துக்கு உரை எழுதியவர்களில் முன்னோடி இளம்பூரணர். பின்னால் வந்த சேனாவரையர் அவரை மீண்டும் மீண்டும் குறிப்பிடுகிறார், பல இடங்களில் மறுப்பதற்காக. 'என்பாரும் உளர்' என்று எடுத்துச் சொல்லி, ஏன் பொருந்தாது என்று விளக்கும் மரபு அது. சேனாவரையர் இளம்பூரணரை எத்தனை தடவை குறிப்பிட்டார் என்று மட்டும் எண்ணி, இளம்பூரணரின் 'தாக்கம்' இவ்வளவு என்று யாராவது சொன்னால் தமிழாசிரியர் சிரிப்பார்.

இதில் ஒரு தற்செயல் உண்டு. ராமச்சந்திரனின் தாத்தா ஒரு வக்கீல். சாதாரண வக்கீல் இல்லை. 1929 முதல் 1944 வரை சென்னை மாகாணத்தின் அட்வகேட் ஜெனரலாக இருந்தவர், பிறகு இந்திய அரசியல் சட்ட வரைவுக் குழுவில் உறுப்பினராக இருந்தவர், அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். தாத்தாவின் தொழிலில் ஒரு மேற்கோளை அது எந்தப் பக்கம் பேசுகிறது என்று பார்க்காமல் எண்ணியிருக்கவே முடியாது. பேரனின் தொழிலில் அப்படித்தான் எண்ணுகிறார்கள்.

ஸ்டான்லியிலிருந்து நேச்சருக்கு

ராமச்சந்திரனின் அப்பா ஐ.நா.வின் தொழில் வளர்ச்சி அமைப்பில் பொறியாளர். பள்ளிப்படிப்பு சென்னையிலும் பாங்காக்கிலும். பிறகு சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி. 1972இல், அங்கே மாணவராக இருந்தபோதே, இரு கண் பார்வை பற்றி அவர் செய்த ஆய்வு நேச்சர் இதழில் வெளியானது. அப்போது வயது இருபதோ இருபத்தொன்றோ.

நமக்கு இரண்டு கண்கள். ஒவ்வொன்றிலும் விழும் படம் கொஞ்சம் வேறு. மூளை இரண்டையும் சேர்த்து ஆழத்தை உணர்கிறது. இது எப்படி நடக்கிறது என்று ஆராயப் பெரிய கருவி தேவையில்லை, இரண்டு படங்களும் கூர்மையான கேள்வியும் போதும். கடைசிவரை அவருடைய பாணி இதுதான். 1978இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் முனைவர் பட்டம். 1983இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் உதவிப் பேராசிரியர். 1988இல் மறுபடியும் நேச்சரில், நிழலை வைத்து மூளை எப்படி வடிவத்தை ஊகிக்கிறது என்று ஒரு கட்டுரை. ஒரு வட்டத்தின் மேல்பாதி வெளிச்சமாகவும் கீழ்ப்பாதி இருட்டாகவும் இருந்தால் மேடாகத் தெரியும். தாளைத் தலைகீழாகத் திருப்பினால் அதுவே பள்ளம். வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று மூளை எடுத்துக்கொள்கிறது. ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் நீங்களே செய்து பார்க்கலாம்.

மாயக் கையும் மூன்று வகை மேற்கோள்களும்

அவருடைய பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது மாய உறுப்பு. கையோ காலோ வெட்டி அகற்றப்பட்ட பிறகும் அது அங்கேயே இருப்பதாகத் தோன்றும். பலருக்கு அந்த இல்லாத கை வலிக்கும்.

1991இல் டிம் பான்ஸ் குழுவினர் சயின்ஸ் இதழில் குரங்குகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கையிலிருந்து வரும் நரம்பிணைப்பு பல ஆண்டுகளுக்கு முன் துண்டிக்கப்பட்ட குரங்குகள் அவை. மூளையில் கைக்கு உரிய பகுதி சும்மா கிடக்கவில்லை, முகத்தைத் தொட்டால் அந்தப் பகுதி விழித்துக்கொண்டது. மூளையின் வரைபடத்தில் கைக்குப் பக்கத்து வீடு முகம். ராமச்சந்திரன் இதைப் படித்துவிட்டு எளிமையாக யோசித்தார். குரங்கிடம் கேட்க முடியாது, மனிதரிடம் கேட்கலாமே? கை இழந்த ஓர் இளைஞரைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு சுற்றிய குச்சியால் கன்னத்தைத் தொட்டார். "என் கட்டைவிரலைத் தொடுறீங்க" என்றார் அவர், இல்லாத கட்டைவிரலை. 1992இல் சயின்ஸ் இதழில் அது கட்டுரையானது. மூளையின் வரைபடம் வளர்ந்த மனிதரிடமும் மாறி எழுதப்படுகிறது என்பது அதன் வாதம்.

அடுத்து, 1995இல் நேச்சரில் கண்ணாடிப் பெட்டி. மாயக் கை சிலருக்கு இறுக முடிந்த முஷ்டியாக உறைந்துவிடும், விரல்களைத் திறக்க முடியாது. ஒரு பெட்டியின் நடுவே கண்ணாடியை நிறுத்தி, நல்ல கையை ஒரு பக்கம் வைத்துப் பார்த்தால், போன கை திரும்பி வந்த மாதிரி பிம்பம் தெரியும். நல்ல கையை விரித்தால் மாயக் கையும் விரிகிறது. சிலருக்கு வலி விட்டது. பெட்டியை வீட்டுக்கு எடுத்துப்போன ஒருவருக்குச் சில வாரத்தில் மாயக் கையே மறைந்து, விரல்கள் மட்டும் தோளில் தொங்குவதாக உணர்ந்தார். மாய உறுப்பை வெட்டியெடுத்த முதல் அறுவைச் சிகிச்சை இது என்று ராமச்சந்திரன் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இந்தக் கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன. அந்த ஆயிரங்களை வக்கீல் புத்தகம் மாதிரி பிரித்துப் பார்ப்போம்.

பின்பற்றியவர்கள்: 2007இல் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் கால் இழந்தவர்களிடம் ஒரு சோதனை நடந்தது. கண்ணாடி பார்த்த குழுவில் இருந்த 6 பேருக்கும் வலி குறைந்தது. மூடிய கண்ணாடியும் வெறும் கற்பனையும் அப்படி உதவவில்லை.

வேறு சூழலுக்குக் கொண்டுபோனவர்கள்: பக்கவாதத்தில் செயலிழந்த கைக்குக் கண்ணாடி உதவுமா என்று பலர் சோதித்தார்கள். 2018இல் கோக்ரேன் அமைப்பு 62 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, கை அசைவில் ஓரளவு முன்னேற்றம் உண்டு என்றது. மாய வலிக்கான பின்னாளைய தொகுப்புகள் அவ்வளவு உறுதியாகப் பேசவில்லை.

மறுத்தவர்கள்: டமர் மேக்கின் என்ற ஆய்வாளர் 2013இலிருந்து தொடர்ந்து சொல்லிவருகிறார், கை போனாலும் மூளையில் கையின் வரைபடம் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது என்று. 2025இல் அவருடைய குழு, அறுவையில் கை அகற்றப்படவிருந்த 3 பேரை முன்பும் பின்பும் ஸ்கேன் செய்து, வரைபடம் மாறவில்லை என்று வெளியிட்டது. முகம் கையின் வீட்டுக்குள் குடியேறியது என்ற 1992ஆம் ஆண்டு வாதத்தின் அடித்தளத்தையே இது கேள்வி கேட்கிறது.

இந்த மூன்று வகையும் ராமச்சந்திரனின் கணக்கில் ஒரே மாதிரிதான் ஏறும், கூட்டலாக. கொள்கை ஆட்டம் காண்கிறது, சிகிச்சை பாதி நிற்கிறது, எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. எண் பொய் சொல்லவில்லை. 'இவ்வளவு பேர் இவரோடு பேசினார்கள்' என்பதுதான் அதற்குச் சொல்லத் தெரிந்த ஒரே வாக்கியம்.

இது ராமச்சந்திரனைக் குறைத்துச் சொல்வதல்ல. இருபது முப்பது ஆண்டுகள் கழித்தும் மெனக்கெட்டு மறுக்க வேண்டியிருக்கும் ஒரு கருத்தைச் சொல்வது எல்லோராலும் ஆகாது. இரண்டு மூன்று பேர் கூடப் படிக்காத கட்டுரைகள்தான் உலகத்தில் ஏராளம்.

95இலிருந்து 72க்கு

இன்னொரு உதாரணம் இன்னும் சுவாரஸ்யமானது. கூரான முனைகள் கொண்ட நட்சத்திர மாதிரி ஒரு வடிவம், வளைந்து நெளிந்த மேகம் மாதிரி இன்னொன்று. ஒன்றின் பெயர் 'பூபா', மற்றது 'கிகி'. எது எது? நீங்கள் இப்போதே முடிவு செய்திருப்பீர்கள். ஜெர்மானிய உளவியலாளர் வோல்ஃப்காங் கோலர் 1929இல் வேறு சொற்களோடு செய்த சோதனை இது. 2001இல் ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பர்டும் புதிய பெயர்களோடு எடுத்துவந்து, 95 சதவீதம் பேர் கூரானதைக் கிகி என்கிறார்கள் என்று எழுதினார்கள். சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு வெறும் வழக்கம் அல்ல, மொழி பிறந்த கதையே இதில் இருக்கலாம் என்று ஊகித்தார்கள். மொழியை நேசிக்கும் யாருக்கும் பிடித்துப்போகும் ஊகம். அந்த 95 எத்தனையோ நூல்களுக்கும் உரைகளுக்கும் பயணம் போனது.

2022இல் ஒரு பெரிய குழு 25 மொழிகள் பேசும் 917 பேரிடம் சோதித்தது. சராசரி 72 சதவீதம். சில மொழிகளில் அந்த விளைவே சரியாகத் தெரியவில்லை. கருத்து செத்துவிடவில்லை, உயிரோடுதான் இருக்கிறது, அளவு மட்டும் சுருங்கியது. அறிவியல் ஒழுங்காக நடந்தால் இப்படித்தான் நடக்கும். இந்தச் சுருக்கத்தை எந்த மேற்கோள் எண்ணும் காட்டாது.

எங்கள் இரும்பை மாகாளேஸ்வரர் கோயிலுக்கு வருகிறவர்களுக்கு ஊர்க்காரர்கள் சொல்லும் கதை ஒன்று உண்டு. கடுவெளிச் சித்தர், நடனமாடிய வள்ளியின் காலிலிருந்து கழன்ற சலங்கையை எடுத்துக் கட்டிவிட்டாராம். ஊர் சிரித்தது. சித்தர் கோபத்தில் பாட, லிங்கம் மூன்றாக வெடித்தது. மண் வறண்டுபோகும் என்று சாபம். பின்னொரு காலம் தூரதேசத்து மனிதர்கள் வந்து பசுமையாக்குவார்கள் என்று சாபவிமோசனம். ஆரோவில்லைக் கைகாட்டித்தான் இந்தக் கதையை முடிப்பார்கள். எங்க ஊர்ல அதிகம் 'மேற்கோள்' காட்டப்படும் கதை இதுதான். இதை யாரும் மறுப்பதில்லை, கதைக்கு அது தேவையும் இல்லை. சொல்லச் சொல்ல உறுதிப்படுவது கதை. அறிவியல் கட்டுரை அப்படி இல்லை. மறுக்க ஆள் இல்லாவிட்டால் அது மெல்லக் கதையாகிவிடும்.

கண்ணாடி நியூரான்களுக்கு ஏறக்குறைய அதுதான் நடந்தது. இத்தாலியின் பார்மா நகரில் ஜாகொமோ ரிசொலாட்டியின் குழு 1992இல் குரங்குகளிடம் கண்டது: தான் ஒரு பொருளை எடுக்கும்போதும், இன்னொருவர் எடுப்பதைப் பார்க்கும்போதும் ஒரே நியூரான் துடிக்கிறது. 2000இல் ராமச்சந்திரன் ஒரு கட்டுரை எழுதினார். உயிரியலுக்கு டிஎன்ஏ செய்ததை உளவியலுக்குக் கண்ணாடி நியூரான் செய்யும் என்று அதில் கணித்தார். 2005இல் லிண்ட்சே ஓபர்மனோடு சேர்ந்து, ஆட்டிசம் உள்ள 10 பேரின் மூளை அலைகளைப் பதிவு செய்து, அவர்களிடம் இந்த அமைப்பு சரியாக இயங்கவில்லை என்றார். அடுத்த ஆண்டு 'உடைந்த கண்ணாடிகள்' என்ற பெயரில் அது சயன்டிபிக் அமெரிக்கன் இதழுக்கும் போனது.

பத்துப் பேர். அதற்கு மேல் எழும்பியது ஒரு பெரிய கட்டடம். 2009இலும் பிறகு 2014இல் ஒரு முழு நூலாகவும் கிரெகரி ஹிக்காக் கண்ணாடி நியூரான் கொள்கையின் ஓட்டைகளை அடுக்கினார். 2013இல் அன்டோனியா ஹாமில்டன் கிடைத்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, ஆட்டிசத்தில் இந்த அமைப்பு முழுவதுமாகப் பழுதாகியிருப்பதாகச் சொல்ல ஆதாரம் போதாது என்றார். இந்த மறுப்புகளும் ராமச்சந்திரனின் எண்ணைக் கூட்டின. ஆனால் 'உடைந்த கண்ணாடி' என்ற படிமத்தைக் கேள்விப்பட்ட பெற்றோர் எத்தனையோ பேர் மறுப்பைக் கேள்விப்படவே இல்லை. ஒரு குழந்தைக்கு மற்றவர் மனம் புரியாது என்று வீட்டில் முடிவு கட்டுவதற்கு ஒரு படிமம் போதும். இங்கேதான் இது வெறும் கணக்கு விவகாரமாக இல்லாமல் போகிறது.

ஒரே வளாகத்தில் பிறந்த எண்

2005இல், ராமச்சந்திரன் பாடம் நடத்திய அதே சான் டியேகோ வளாகத்தில், இயற்பியல் பேராசிரியர் ஹோர்கே ஹிர்ஷ் ஒரு சின்னக் கணக்கை வெளியிட்டார். ஒருவருடைய கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி வரிசையாக அடுக்குங்கள். 100, 40, 6, 4, 2 என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது 4 மேற்கோள் பெற்றவை 4 கட்டுரைகள், ஆகவே அவருடைய எச்-இன்டெக்ஸ் 4. இன்னொருவருக்கு 4, 4, 4, 4. அவருக்கும் 4தான். உலகம் பேசிய அந்த நூறு மேற்கோள் கட்டுரை இந்தக் கணக்கில் கரைந்துவிடும்.

ஹிர்ஷ் இதைக் கண்டுபிடித்ததற்குப் பின்னணி உண்டு. மீக்கடத்துத்திறன் பற்றிய முக்கியக் கொள்கையையே எதிர்ப்பவர் அவர், பெரிய இதழ்கள் அவர் கட்டுரைகளை ஏற்கத் தயங்கின. இதழின் பெயரைப் பார்க்காதீர்கள், என் கட்டுரையை எத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்று பாருங்கள் என்பதுதான் அவர் வாதம். மாற்றுக் கருத்துக்காரருக்குக் கேடயமாகப் பிறந்த எண் அது. 2020இல் அவரே எழுதினார், இந்த எண் தான் எதிர்பார்க்காத தீமைகளைச் செய்கிறது, பெரும்பான்மையோடு ஒத்துப்போகிறவர்களுக்கே சாதகமாகிறது என்று.

அந்த எண் கடல் தாண்டி நம் ஊருக்கு வந்தபோது கேடயமாக வரவில்லை, தராசாக வந்தது. 2016இலிருந்து வெளியாகும் தேசியத் தரவரிசைப் பட்டியலில் கல்லூரிகளின் வெளியீடுகளுக்கும் மேற்கோள்களுக்கும் மதிப்பெண் உண்டு. அளவுகோல் இலக்காகிவிட்டால் அது அளவுகோலாக இருப்பதை நிறுத்திவிடும் என்பார்கள். பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் 1975இல் சொன்னதன் சாரம் அது. 2023இல் சென்னைப் பல் மருத்துவக் கல்லூரி ஒன்றைப் பற்றி ரிட்ராக்‌ஷன் வாட்ச் தளமும் சயின்ஸ் இதழும் ஒரு புலனாய்வு வெளியிட்டன. இளநிலை மாணவர்களை உட்காரவைத்துக் கட்டுரை எழுதவைத்து, அவற்றில் தங்கள் கல்லூரியின் பழைய கட்டுரைகளையே மேற்கோள் காட்டச் செய்து எண்ணிக்கை ஏற்றப்பட்டதாக அதில் செய்தி.

என் தோழி ஒருத்தி தனியார் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியர். நரம்பியல் படித்தவள். ஆண்டுக்கு இத்தனை கட்டுரை காட்டாவிட்டால் சம்பள உயர்வு நிற்கும். வாட்ஸ்அப்பில் அவளுக்கு வரும் விளம்பரங்களை ஒருநாள் காட்டினாள். முதல் ஆசிரியர் இடத்துக்கு ஒரு விலை, மூன்றாவது இடத்துக்கு ஒரு விலை, பஸ் சீட்டு மாதிரி. கூட வேலை செய்கிறவர்கள் வெளிப்படையாகவே கேட்கிறார்கள்: "நீங்க என்னோடத போடுங்க, நான் உங்களோடத போடுறேன்." அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. மரக்காணம் உப்பளத்தில் ஆண்டுக்கணக்கில் வெறுங்காலோடு நின்று வேலை செய்கிறவர்களுக்குப் பாதத்தில் தொடு உணர்வு எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும். பஞ்சும் குச்சியும் ஒரு நோட்டும் போதும், இரண்டு மூன்று வருடம் ஆகும். "இரண்டு வருஷம் பேப்பர் இல்லாம இருந்தா என்னை வச்சிருக்க மாட்டாங்கடா" என்றாள். அந்த ஆய்வு நடக்கவில்லை. நடக்காத ஆய்வுக்கு மேற்கோள் பூஜ்யம். இழப்பென்று எந்தப் பட்டியலிலும் பதிவாகாது.

1972இல் ஸ்டான்லி மாணவரிடம் யாரும் எச்-இன்டெக்ஸ் கேட்கவில்லை, அப்படி ஒன்று இருக்கவே இல்லை. அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். பணமும் பின்புலமும் ஆங்கிலமும் இருந்தவர்களுக்கே அப்போது கதவு திறந்தது, ராமச்சந்திரனுக்கு அவை இருந்தன. பெயரையும் குடும்பத்தையும் பார்த்து எடைபோடும் ஊரில் எண்ணே மேல் என்று முதல் தலைமுறைப் பட்டதாரிகள் நினைப்பதில் நியாயம் உண்டு. அந்த நியாயத்துக்காகவாவது எண்ணை முழுதாகக் கேட்க வேண்டும். எத்தனை என்பதோடு நிறுத்தாமல், எத்தனை பேர் பின்பற்றினார்கள், எத்தனை பேர் பிரித்துப் பார்த்தார்கள், எத்தனை பேர் மறுத்தார்கள் என்று. 150 வருடத்துக்கு முன் பசை தடவிய சீட்டில் இருந்த வசதிதான் இது.

அப்படிக் கேட்டாலும் ஒரு வகை மனிதர்கள் கணக்கில் வரமாட்டார்கள். ஸ்டீபன் சம்னர் என்ற கனடாக்காரர் மோட்டார் சைக்கிள் விபத்தில் ஒரு காலை இழந்தவர். மாய வலியால் பல ஆண்டுகள் துடித்து, கடைசியில் கண்ணாடி வைத்துத் தானே குணப்படுத்திக்கொண்டார். பிறகு கம்போடியாவுக்குப் போய், சைக்கிளின் பின்னால் கண்ணாடிகளைக் கட்டிக்கொண்டு, கண்ணிவெடியில் கால் இழந்தவர்களின் ஊர் ஊராகப் போய்க் கொடுத்தார். எப்படி உட்கார வேண்டும், எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லித்தந்தார். 1995ஆம் ஆண்டின் அந்த நேச்சர் கட்டுரை, இரண்டு பக்கத்துக்குள் அடங்குவது, அந்தக் கிராமங்கள்வரை போயிருக்கிறது. கண்ணாடியை வாங்கிக்கொண்டவர்கள் யாரும் கட்டுரை எழுதவில்லை.